வழிகாட்டிப் பெட்டி கொண்டுவந்த மாப்பிள்ளை

மலேசியாவின் மூவாரில் கார் வைத்திருந்து மஸ்தூராவிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் கார் ஆக்சசரிஸ் கடையில் ஒயரிங் வேலை முழுவதும் அவளுடையது. ரேடியோ, ஸ்பீக்கர், திருட்டு அலாரம், எது வந்தாலும் அவள் கை பட்டால்தான் பேசும். வண்டியோடு பிறந்த ஒயரை அவள் வெட்ட மாட்டாள். வேறு யாராவது வெட்டி ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டாலோ, சொந்தக்காரர் நகராட்சித் தலைவராக இருந்தாலும், "எந்தக் கசாப்புக் கடையில செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த ஒயரைப் போட்டாலும் ஒரு கை நீளம் கூடுதலாக விட்டு, சுருட்டி, கறுப்பு டேப் சுற்றி உள்ளே செருகி வைப்பாள். ஒயர் வீணாகிறதே என்று முதலாளி லோ முணுமுணுப்பார். நாளைக்கு எதை எங்கே இழுக்க வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பது அவள் கட்சி.

வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவளுக்கும் சேர்த்துக் கவலைப்பட வீட்டில் பெரியம்மா இருந்தாள். ஊரே மக் லாங் என்று கூப்பிடும் அந்த அம்மாளின் வாய்க்கு மூவார் ஆற்று முதலையும் பயப்படும்.

"ஒருத்தன் வந்து பொண்ணு பாக்கணும்னு நெனச்சாலும் இவ தலை எங்க இருக்கு? டேஷ்போர்டுக்கு அடியில. வெளிய தெரியறது ரெண்டு காலுதான். காலப் பாத்து எவன்டி பொண்ணு கேப்பான்?" என்பாள் மக் லாங்.

கால் நன்றாக இருந்தால் கேட்கட்டுமே என்று மஸ்தூரா பதில் சொல்வாள். அந்த வீட்டில் இரவுச் சோற்றுக்கு இந்தப் பேச்சுதான் ஊறுகாய்.

ஜஹாரி வாத்தியார் கடைக்கு வந்தபோதும் அவர் ஸலாம் சொன்னது அந்தக் கால்களுக்குத்தான்.

சிகாமட் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். நாற்பத்து நான்கு வயது, மெலிந்த உடம்பு, எதற்கும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கும் முகம். அந்த முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினார். இரண்டே சீட்டு. பதினெட்டு வருஷப் பழசு. சுவிட்சைத் தட்டினால் முன்விளக்குகள் இரண்டும் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டி. வரும்போது கூடவே ஒரு வழிகாட்டிப் பெட்டியும் வந்திருந்தது. அதற்கு ஜப்பானைத் தவிர வேறு நாடு தெரியாது. மூவார் கடைத்தெருவில் வண்டி நிற்க, அது நடுக்கடலில் நிற்பதாகக் காட்டும். காலையில் சாவியைத் திருகியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். என்னவென்று வாத்தியாருக்குத் தெரியாது. மரியாதைக்கு "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

சைபீரியாவின் ஆறுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். ஆனால் சிகாமட்டிலிருந்து மூவாருக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகுமென்றால், அவருக்கு மூன்று மணி நேரம் ஆகும். அதற்கு விலையும் கொடுத்திருந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் குளுவாங்கில் ஒரு பெண்ணுக்கு நிச்சயம் செய்யப் போனார்கள். மாப்பிள்ளையின் வண்டி முன்னால், சொந்தபந்தம் பின்னால். மோதிரம் மாற்ற வேண்டிய நேரத்தில் மொத்தக் கூட்டமும் குளுவாங்கைத் தாண்டி மெர்சிங் கடற்கரையில் போய் நின்றது. அங்கிருந்து திரும்பிப் பெண் வீட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது. சீர்த்தட்டுகளை மேல்துணிகூட எடுக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். தன் வீட்டுக்கு வழி தெரியாதவன் எங்கள் பெண்ணை எங்கே கொண்டுபோய் விடுவானோ என்று அந்தப் பெண்ணின் அப்பா சொன்னது சிகாமட் வரை வந்து சேர்ந்துவிட்டது. அது மட்டும் வழி தவறவில்லை.

இதையெல்லாம் முதல் நாளே, பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து சத்தமே வரவில்லை. மஸ்தூரா ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது அவருக்குத் தெரியாது.

வாத்தியார் புதுப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கைபேசியில் வழி பார்க்கும் காலம் அப்போது வரவில்லை. பொத்தானை அமுக்கினால் உள்ளேயிருந்து திரை நீண்டு வெளியே வந்து நிமிர்ந்து நிற்கும், மலாயில் பேசும், உள்ளூர்ச் சந்துகள்கூட அதில் இருந்தன. டேஷ்போர்டை மட்டும் அறுத்துவிட வேண்டாம் என்று வாத்தியார் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை வாயைத் திறந்ததும் மஸ்தூரா தலையை வெளியே நீட்டினாள்.

"அறுக்கறதுக்கு நான் தச்சர் இல்ல வாத்தியாரே. போய்க் காப்பி குடிச்சிட்டு வாங்க."

வேலை சொன்னபடி கேட்கவில்லை. ரேடியோ இருந்த துவாரத்தில் பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் திரையை நிமிர்த்திவிட்டு மூன்றாவது கியர் போட்டால் விரல் முட்டி திரையில் இடித்தது. மூன்றாவது கியரே இல்லாமல் ஓட்டுங்கள் என்று ஸ்போர்ட்ஸ் கார்க்காரரிடம் சொல்ல முடியுமா? மேலே சில்லறை போட்டு வைக்க ஒரு குழி இருந்தது. அதைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தாள். பெட்டியை மேலே ஏற்றினாள். இப்போது ஒயர் எட்டவில்லை. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களைக் குவித்து வைத்திருக்கும் காயலான் கடைக்குப் போய், அதே வகை வண்டியின் முன்பாதிக்குள் புகுந்து, பொருத்தமான பிளக்குகளை உருவிக்கொண்டு வந்தாள். ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆனது. வாத்தியாருக்கு அது பிடித்திருந்தது. மூன்று நாளும் வந்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கடைசி வேலை, செயற்கைக்கோளைப் பிடிக்கும் சின்ன ஆன்டெனா. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதை முன்கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டின் மேல் பிளாஸ்டிக்குக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டினாள். அதற்கு வானம் தெரிய வேண்டும், நடுவில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் இருக்கலாம், உலோகம் இருக்கக்கூடாது என்று விளக்கினாள். வாத்தியார் தலையாட்டினார். வாத்தியார்கள் தலையாட்டுவதை நம்பக்கூடாது. அவர்கள் வகுப்பில் மற்றவர்கள் தலையாட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள்.

சோதனை ஓட்டத்துக்கு மத்தியானம் அவளே வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். பசி நேரம். வண்டி தானாக வீட்டுக்குப் போனது. மக் லாங் வைத்துவிட்டுப் போயிருந்த புளிப்பும் காரமுமான மீன் குழம்பில் ஒரு பிடி பிடித்துவிட்டு, பெட்டி இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறதா என்று பார்க்கத் தன் வீட்டு வாசலையே பதிவு செய்தாள். பதிந்தது. அழிக்க மறந்துவிட்டாள்.

நான்காம் நாள் வாத்தியாருக்குப் பத்து பஹாட் என்ற ஊரில் பரீட்சை மேற்பார்வை. இடத்தை முந்தின நாளே பெட்டியில் பதிந்திருந்தார். காலையில் பட்டியலைத் திறந்து முதலில் இருந்ததை அமுக்கினார். பெட்டி ஒரு தடவைகூடத் தடுமாறாமல் அவரை வாய்க்கால் ஓரமாகவே கூட்டிக்கொண்டு போய், கருவாடு காயும் ஒரு முற்றத்தில் நிறுத்தி, "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்று அறிவித்தது.

கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மக் லாங் நிமிர்ந்து, யார் வேண்டும் என்று கேட்டாள். தனக்கும் தெரியவில்லை, பெட்டி இங்கேதான் என்கிறது என்றார் வாத்தியார். மக் லாங் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன. பத்து பஹாட்டுக்குச் சரியான வழியைச் சொல்லி அனுப்பினாள். திரும்பும்போது சாப்பிட வரவேண்டும் என்றும் சொன்னாள். திரும்பி வரும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் மஸ்தூரா வீட்டுக்கு வந்தபோது சிவப்புக் கார் முற்றத்தில் நின்றது. விஷயத்தைக் கேட்டதும் காது மடல் வரை சூடேறியது. தப்பு தன்னுடையதுதான், இப்போதே அழித்துவிடுகிறேன் என்று காரை நோக்கி நடந்தாள்.

"அழிச்சிடாதீங்க" என்றார் வாத்தியார். மன்னிப்புக் கேட்கும் முகத்தில் அன்றைக்கு மன்னிப்பு இல்லை. "பொறந்ததுலேருந்து நான் சுத்தாம நேரா போய்ச் சேந்த இடம் இது ஒண்ணுதான்."

மஸ்தூரா பாதி வழியில் திரும்பி வந்துவிட்டாள். யாரோ சொன்னதற்காக அவள் ஒரு வேலையைப் பாதியில் விட்டு மக் லாங் பார்த்தது அன்றுதான். கிழவி அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை; உள்ளே போய் உலையில் இன்னொரு பிடி அரிசியைப் போட்டாள்.

நான்கு மாதம் கழித்து சிகாமட்டிலிருந்து பெரியவர்கள் வாடகை வேனில் பெண் கேட்க வந்தார்கள். மாப்பிள்ளையைப் பின்சீட்டில் உட்கார வைத்து, பேசக்கூடாது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கல்யாணம் வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. அந்த வட்டாரத்தில் அதே நாளில் ஏழு கல்யாணம். நிக்காஹ் நடத்த வேண்டிய காஜியார் ஒருவரே. மஸ்தூரா வீட்டில் பத்து மணிக்கு, அடுத்த வாய்க்கால் கிராமத்தில் பன்னிரண்டு மணிக்கு, அதற்கப்புறம் வேறெங்கோ இரண்டு மணிக்கு.

இந்தத் தடவையும் வேனில் வந்துவிடு என்று மாப்பிள்ளையின் மாமாக்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. தானே முன்னால் ஓட்டி, தானே பெண் வீட்டு வாசலில் போய் இறங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். குளுவாங் கதையை ஊர் வாயிலிருந்து துடைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. மஸ்தூராவும், ஓட்டிக்கொண்டே வரட்டும் என்றாள். தான் போட்ட பெட்டிமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பத்து மணி ஆனது. தேங்காய்ப்பாலில் சுண்டிய எருமைக் கறி ரெண்டாங் வெந்து தயாராக இருந்தது. எண்ணூறு பேருக்கு நெய்ச்சோறு. மஸ்தூரா பாலேட்டு நிற ஜரிகை உடையில், விரல் நுனிகளில் மருதாணி சிவக்க, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்தரை. பதினொன்று. வாத்தியாரின் கைபேசி எட்டவில்லை. முற்றத்தில் மேளக்காரர்கள் வரவேற்க ஆளில்லாமல் சிகரெட் பிடித்தார்கள். மக் லாங்கின் நாத்தனார் ஒருத்தி, மெர்சிங்கில் இப்போது மழையாம் என்று காதில் விழும்படி சொன்னாள். காஜியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பதினொன்றே முக்காலுக்கு மேல் ஒரு நிமிஷமும் தன்னால் இருக்க முடியாது, இன்றைக்கு விட்டால் அடுத்த சனிக்கிழமைதான் என்று தன்மையாகவே சொன்னார். அவர்மேல் குற்றமில்லை. மஸ்தூரா மறுபடியும் வாத்தியாரின் நம்பரை அடித்தாள். சோறு வீணானால் போகட்டும். இரண்டாவது தடவையும் வழி தவறிய மாப்பிள்ளை என்ற பெயரை அந்த மனுஷனால் தாங்க முடியாது. அடுத்த சனிக்கிழமை அவர் வரவே மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும்தான், அவர் தனக்கு எவ்வளவு வேண்டியவராகிவிட்டார் என்பது தெரிந்தது.

பதினொன்று ஐந்துக்குக் கைபேசி அடித்தது.

"மஸ், நான் ஒரு கல்யாணத்துக்கு வந்துட்டேன்."

"யார் கல்யாணத்துக்கு?"

"தெரியல. நம்மது இல்ல."

நடந்தது இதுதான். கிளம்பும்போதே பெட்டியில் அம்புக்குறி அசையவில்லை. வழியில் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்துப் பெரிய சாலையில் பலகைகளைப் பார்த்தே ஓட்டி, ஆற்றுப் பாலம் வரை சரியாக வந்துவிட்டார். அதற்கப்புறம் வாய்க்கால் கிராமங்கள். ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால், ஒரு மரப்பாலம், இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. அப்போது ஒரு முனையில் ஜிகினாத் தாள் பூக்கள் கட்டிய கம்பு நின்றது. கல்யாண வீட்டுக்காரர்கள் திருப்பத்துக்குத் திருப்பம் நட்டு வைப்பது. பூவைப் பார்த்தால் வண்டி தானாகத் திரும்பும். யார் வீட்டுப் பூ என்று அந்தப் பக்கம் ஒருவரும் கேட்பதில்லை. வாத்தியார் திரும்பினார். பின்னால் பன்னிரண்டு வண்டியும் திரும்பின.

ஜரிகைத் தலைப்பாகையும் இடுப்பில் குறுவாளுமாக ஒருவர் வந்து இறங்கியதும் அங்கே மேளம் முழங்கிவிட்டது. குடை பிடித்தார்கள், பூ தூவினார்கள், வாசற்படி வரை கொண்டுபோய்விட்டார்கள். பெண்ணைப் பெற்றவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது நம் மாப்பிள்ளை இல்லையே என்ற பிறகுதான் மேளம் நின்றது. அவர்களுடைய மாப்பிள்ளை பன்னிரண்டு வண்டிகளுக்குப் பின்னால், வெயிலில், வழி கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் கோபமில்லை. வந்தவர்கள் சாப்பிடாமல் போகக்கூடாது என்று பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். வாத்தியாரின் மாமாக்கள் இரண்டாவது தட்டில் இருந்தார்கள். வழி கேட்டதற்கு ஐந்து பேர் ஐந்து வழி சொன்னார்கள். எங்கள் மாப்பிள்ளை மணமேடையில் உட்கார்ந்ததும் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மஸ்தூரா வீட்டிலிருந்து யாராவது போய்க் கூட்டி வருவதென்றால் ஐம்பது நிமிஷம். காஜியார் கொடுத்தது நாற்பது.

"பெட்டி என்ன சொல்லுது?" மஸ்தூரா கேட்டாள்.

"வானத்தைத் தேடுறேன், தேடுறேன்னு காலையிலேருந்து அதையே சொல்லுது."

அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். நேற்று மத்தியானம் வரை நன்றாக வேலை செய்த பெட்டி. "கண்ணாடியில என்ன ஒட்டுனீங்க?"

"தம்பி ஃபைருஸ் நேத்து சாயங்காலம் ஃபிலிம் ஒட்டிக் குடுத்தான். கல்யாணப் பரிசு. வெயில் அடிக்கக் கூடாதுன்னு... வெள்ளி மாதிரி மின்னுது மஸ், நல்லாத்தான் இருக்கு."

"முன் கண்ணாடியிலயுமா?"

"அதுலயும்தான்."

மணப்பெண் அதற்கப்புறம் பேசியதை அலங்காரம் செய்ய வந்தவள் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். உலோகத்தூள் கலந்த ஃபிலிமை ஒட்டி வண்டியைத் தகர டப்பாவாக்கிவிட்டு, அதற்குள் உட்கார்ந்து வானத்தைத் தேடினால் வானம் என்ன செய்யும் என்று கேட்டாள். நான் சொன்னதற்குத் தலையாட்டியது எதற்கு என்று கேட்டாள். திட்டி முடித்ததும் குரல் மாறியது. வேலைக்குரல் வந்துவிட்டது. டேஷ்போர்டின் இடது பக்கச் சாமான் பெட்டியைத் திறந்து, இரண்டு ஓரத்தையும் உள்பக்கமாக அமுக்கச் சொன்னாள். அது கீழே தொங்கும். கையை உள்ளே விட்டால் சுருட்டிய ஒயர், கறுப்பு டேப். டேப்பைப் பிரிக்க வேண்டும். பிறகு மேலே தடவினால் தீப்பெட்டி அளவில் ஒன்று.

"கிடைச்சுது. ஆனா இது ஒட்டிக்கிட்டு இருக்கு. நீ போட்டத நான் எப்படிப் பிச்சு எடுக்கறது?"

"அறுத்துப் போட்டிருந்தாத்தான் பிரிக்க முடியாது. நான் அறுக்கல. தைரியமா இழுங்க. இழுத்து ஜன்னலுக்கு வெளிய பிடிச்சுக்கிட்டு அப்படியே நில்லுங்க. நகரக் கூடாது."

மணி பதினொன்று பதினைந்து. மக் லாங் கைபேசியின் மறுபக்கத்தில் காதை ஒட்டவைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். தூரத்தில் யார் வீட்டு மேளமோ கேட்டது. அப்புறம் பெட்டியின் பெண் குரல், ஒன்றுமே நடக்காதது போல, முந்நூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பச் சொன்னது.

மஸ்தூரா சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. மை கலையும் என்று அலங்காரக்காரி கத்தினாள்.

மக் லாங் நேராகக் காஜியாரிடம் போய், பசியோடு போனால் அடுத்த நிக்காஹில் நாக்குக் குழறும் என்று சொல்லி, ரெண்டாங் தட்டை முன்னால் வைத்தாள். மறுப்பதற்குள் இன்னும் இரண்டு கரண்டி விழுந்தது. பதினொன்று நாற்பதுக்கு அவர் கையைக் கழுவிக்கொண்டு செருப்பைத் தேடும்போது, வாய்க்கால் பக்கம் மூன்றாவது கியரில் ஒரு எஞ்சின் உறுமியது. அந்தச் சத்தம் மஸ்தூராவுக்குத் தெரியும். மணப்பெண் எழுந்து ஓடக்கூடாது என்பதை மறந்து ஜன்னலுக்கு ஓடினாள்.

சிவப்புக் கார் செம்பனைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. தோழனாக உட்கார்ந்திருந்த ஃபைருஸ் ஜரிகைச் சட்டைக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஆன்டெனாவை வானத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தான். பரிசு கொடுத்த பாவத்துக்கு வழி முழுவதும் அப்படியே வந்திருக்கிறான். பின்னால் பன்னிரண்டு வண்டி. அதற்கும் பின்னால் பதின்மூன்றாவதாக ஒன்று. அந்தக் கல்யாணத்துக்கு வந்த தம்பதி, கூட்டம் கிளம்பியதும் தாங்களும் கிளம்ப வேண்டும்போலிருக்கிறது என்று சேர்ந்து வந்துவிட்டார்கள். மக் லாங் அவர்களையும் உட்கார வைத்துச் சோறு போட்டாள்.

காஜியார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஒரே மூச்சில், தடங்கலில்லாமல் பதில் சொல்ல வேண்டும். வாத்தியார் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்; நடுவில் எங்கேயும் சுற்றவில்லை. சாட்சிகள் இருவரும் செல்லும் என்றார்கள். காஜியார் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

பிறகு மாப்பிள்ளை பெண்கள் பக்கம் வந்து மஸ்தூராவுக்கு மோதிரம் போட்டார். அவள் குனிந்து அவர் கையை எடுத்து முத்தமிட வேண்டும். குனிந்தாள். அந்தக் கை முழுவதும் டேஷ்போர்டு அழுக்கு. விரல் இடுக்கில் கறுப்பு டேப்பின் பசை. எத்தனை சோப்புப் போட்டாலும் தன் கையை விட்டுப் போகாத அதே வாசனை, அவர் கையிலிருந்து அடித்தது.

"கையக் கழுவலையா?" தலை நிமிராமல் முணுமுணுத்தாள்.

"கழுவிட்டு வந்திருந்தா காஜியார் போயிருப்பாரு."

போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார். இன்னொன்றும் எடுத்தார். போதும், நிமிருங்கள் என்றார். அவர் மூன்றாவது தடவை சொன்ன பிறகும் மஸ்தூரா அந்தக் கையை விடவில்லை.